சாப்பரோன் புரதங்கள் ஏன் வடிவம் மாறுகின்றன?

உயிர்வேதியியல் படிக்கும் மாணவர் ஒருவரின் கேள்வி இது: "சாப்பரோன் புரதங்கள் தம் வடிவத்தை மாற்றிக்கொண்டு பிற புரதங்கள் மடிய உதவுகின்றன என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான வெவ்வேறு புரதங்களுக்கு ஒரே சாப்பரோன் எப்படி அச்சாக இருக்க முடியும்? அது எதற்காக வடிவம் மாற வேண்டும்?"

உங்கள் சந்தேகம் நியாயமானது. அச்சாக இருக்க முடியாது. அது அச்சாக இருக்கவும் இல்லை. எந்தப் புரதம் எப்படி மடிய வேண்டும் என்ற தகவல் சாப்பரோனிடம் துளியும் கிடையாது. அது பார்ப்பது ஒன்றைத்தான்: தண்ணீரோடு சேராத, எண்ணெய்த்தன்மையுள்ள பகுதி வெளியே தெரிகிறதா? தெரிந்தால் பிடித்துக்கொள்ளும், பிறகு விட்டுவிடும். நீங்கள் கேட்கும் வடிவ மாற்றம் பெரும்பாலும் இந்த விடுதலுக்கான ஏற்பாடு. பிடிப்பது சுலபம், பிசுபிசுப்பான எந்தப் பரப்பும் பிடிக்கும். பிடித்ததைத் தக்க நேரத்தில், தக்க இடத்தில் விடுவதற்குத்தான் இயந்திரம் வேண்டும், எரிபொருள் வேண்டும்.

உதவியே எதற்கு என்பதிலிருந்து தொடங்குகிறேன். ரைபோநியூக்ளியேஸ் என்ற சிறிய நொதியில் 124 அமினோ அமிலங்களும் நான்கு கந்தகப் பாலங்களும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க விஞ்ஞானி கிறிஸ்டியன் அன்பின்சன் இதை யூரியாவில் போட்டு அவிழ்த்தார், பாலங்களையும் முறித்தார், பிறகு யூரியாவை நீக்கிவிட்டுக் காத்திருந்தார். பாலம் போடும் அமினோ அமிலம் சிஸ்டீன். எட்டு சிஸ்டீன்களை இரண்டிரண்டாக இணைக்க 105 வழிகள் இருக்கின்றன. அமினோ அமிலச் சங்கிலியோ யாரும் சொல்லித்தராமல் சரியான அந்த ஒரே வழிக்குத் திரும்பியது, நொதியும் மறுபடி வேலை செய்தது. அமினோ அமில வரிசையிலேயே வடிவம் எழுதப்பட்டிருக்கிறது என்ற இந்த முடிவுக்காக அவருக்கு 1972-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே காலத்தில், 1963-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் புரதச் சங்கிலியின் முதுகெலும்பு எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எங்கே அணுக்கள் ஒன்றையொன்று முட்டும் என்று படமாக வரைந்து காட்டினார்கள். பெரும்பாலான கோணங்கள் அடைபட்ட வழிகள்தாம். அப்படியும் மிஞ்சும் வழிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதென்றால் பிரபஞ்சத்தின் வயது போதாது என்று 1969-ல் சைரஸ் லெவிந்தால் சுட்டிக்காட்டினார். புரதங்கள் அப்படித் தட்டிப் பார்ப்பதில்லை. நீர்வெறுக்கும் பகுதிகள் உள்ளே ஒதுங்க, மற்றவை வெளியே நிற்க, சரிவில் இறங்கும் தண்ணீர் போலச் சங்கிலி இறங்குகிறது. வழியில் பள்ளங்கள் உண்டு. அவற்றில் தேங்கிவிடுவதும் உண்டு.

அன்பின்சனின் சோதனைக்குழாயில் இருந்தது நீர்த்த கரைசல். செல்லுக்குள் நிலைமை வேறு. ஈ. கோலை பாக்டீரியாவின் உட்புறத்தில் புரதமும் ஆர்என்ஏவும் சேர்ந்து லிட்டருக்கு 300 முதல் 400 கிராம் வரை இருக்கின்றன. அது கரைசல் என்பதைவிடக் கூழ் என்றால் பொருந்தும். அந்த நெரிசலில் ஒரு சங்கிலியின் எண்ணெய்ப்பகுதி இன்னொன்றின் எண்ணெய்ப்பகுதியைத் தொட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், மூன்றாவது வந்து சேரும், கட்டி தட்டிவிடும். முட்டையின் வெள்ளைக்கரு கொதிக்கும்போது இதைத்தான் பார்க்கிறோம்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பாக்டீரியாவின் ரைபோசோம் விநாடிக்கு 15 முதல் 20 அமினோ அமிலங்களைக் கோக்கிறது. 400 அமினோ அமிலம் உள்ள புரதம் முழுதாக வெளிவர இருபது விநாடிக்கு மேல் ஆகும். தொடக்கப் பகுதி யாரோடு சேர்ந்து மடிய வேண்டுமோ அந்தக் கடைசிப் பகுதி அப்போது பிறந்திருக்கவே மாட்டாது. தமிழ் வாக்கியத்தைக் கேட்பது போலத்தான் இதுவும். வினைமுற்று வருவதற்குள் பொருள் கொண்டுவிட்டால் தவறாகத்தான் கொள்வோம். வினைமுற்று வரும்வரை சங்கிலியைப் பொறுத்திருக்கச் செய்ய யாராவது வேண்டும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் மணமாகாத பெண் வெளியே போகும்போது துணைக்குப் போகும் மூத்த பெண்மணியைச் சாப்பரோன் என்பார்கள். 1978-ல் ரான் லாஸ்கி, தவளை முட்டையில் ஹிஸ்டோன்களும் (டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதங்கள்) டிஎன்ஏவும் கண்டபடி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஒரு புரதத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். 1987-ல் ஜான் எல்லிஸ் அதை ஒரு பெரிய புரதக் கூட்டத்துக்கே பொதுப்பெயராக்கினார். தமிழில் இதைத் 'தோழிப் புரதம்' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நம் இலக்கியத்தில் தோழி தூது போவாள், கூட்டிவைப்பாள். சாப்பரோனின் வேலை கூடாத கூட்டத்தைத் தடுப்பது. அந்த வேலை செவிலித்தாயுடையது. பெற்றவள் அல்லள், உடனிருந்து காப்பவள். ஆனாலும் 'சாப்பரோன்' என்ற சொல் வகுப்பறைகளில் நிலைத்துவிட்டதால் அப்படியே எழுதுகிறேன்.

இனி வடிவ மாற்றம். இதற்கு மிக நன்றாக ஆராயப்பட்ட உதாரணம் ஈ. கோலையின் குரோஈஎல். அதைக் கண்டுபிடித்ததே ஒரு தோல்வியின் வழியாக. பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸ் சில திரிபுள்ள பாக்டீரியாக்களில் பெருக முடியாமல் திணறியதை 1970களின் தொடக்கத்தில் கோஸ்டா ஜியார்ஜொபூலோஸும் வேறு சிலரும் கவனித்தார்கள். வைரஸின் தலைப்பகுதிப் புரதங்கள் ஒழுங்காகச் சேராமல் கட்டி தட்டிக் கிடந்தன. பழுது வைரஸில் இல்லை, விருந்தளிப்பவனின் வீட்டில். அந்த மரபணுத் தொகுதியில் பெரிய புரதம் குரோஈஎல், சிறியது குரோஈஎஸ். இவை புரதம் மடிவதற்கே தேவை என்பது தெளிவாக 1989 ஆகிவிட்டது. யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஹார்விச்சின் குழு ஈஸ்ட் திரிபுகளை அலசிக்கொண்டிருந்தது. ஒரு திரிபில் புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஒழுங்காக நுழைந்தது, ஆனால் உள்ளே போய் வேலை செய்யும் வடிவத்தை அடையவில்லை. பழுதான மரபணு குரோஈஎல்லின் உறவுப் புரதத்துக்கு உரியது. ஜெர்மனியிலிருந்த உல்ரிச் ஹார்ட்ல் இதில் கைகோத்தார். அதுவரை பலரும் அன்பின்சன் சோதனையை வைத்து, செல்லுக்குள்ளும் புரதம் தானாகவே மடிந்துகொள்ளும் என்று நிம்மதியாக இருந்தார்கள்.

குரோஈஎல்லின் உருவத்தை மனத்தில் கொண்டுவர, இரண்டு டம்ளர்களை அடியோடு அடி ஒட்டி நிறுத்திவையுங்கள். ஒன்றின் வாய் மேலே, மற்றதன் வாய் கீழே. ஒவ்வொரு டம்ளரும் ஏழு ஒரேமாதிரித் துண்டுகளால் ஆன வளையம். ஆக மொத்தம் 14 துண்டுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 57 கிலோடால்டன் (புரதங்களின் எடையைச் சொல்லும் அலகு). ஒவ்வொரு துண்டிலும் மூன்று பகுதிகள். அடியில், இரண்டு வளையங்களும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் பகுதி, செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறைப் பிடிக்கும். வாய்ப்பக்கம் இருக்கும் மேற்பகுதி, மடியாத புரதத்தைப் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே கீல் போல ஒரு சிறு பகுதி. குரோஈஎஸ் என்பது ஏழு சிறு துண்டுகளால் ஆன, குவிமாடம் போன்ற மூடி. 1994-ல் பால் சிக்லரும் ஹார்விச்சும் டம்ளரின் அணு அமைப்பை எக்ஸ்ரே படிக முறையில் தீர்த்தார்கள். 1997-ல் மூடி போட்ட நிலையையும் தீர்த்தார்கள். இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

திறந்த நிலையில் டம்ளரின் வாயோரம் முழுவதும் நீர்வெறுக்கும் அமினோ அமிலங்கள். பலாப்பழம் அறுக்கும் கத்தியில் பால் ஒட்டுவது போல, அவிழ்ந்த புரதத்தின் எண்ணெய்ப்பகுதிகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. ஏழு துண்டுகளில் பல ஒரே நேரத்தில் ஒரே புரதத்தைப் பிடிப்பதால் பிடி வலுவாக இருக்கிறது. எந்தப் புரதம் என்ற கேள்வியே இங்கே எழுவதில்லை. ஒட்டும் பகுதி வெளியே தெரிந்தால் அனுமதி. முறையாக மடிந்த புரதத்துக்கு அந்தப் பகுதி உள்ளே மறைந்திருப்பதால் அது வழுக்கிப் போய்விடும்.

இப்போது அந்த வளையத்தின் ஏழு துண்டுகளிலும் ஏடிபி வந்து அமர்கிறது. நடுக்கீல் சுமார் 25 பாகை கீழே மடங்கி ஏடிபியின் மேல் பூட்டுப் போடுகிறது. மேற்பகுதி எழும்பத் தொடங்குகிறது, மூடி வந்து அமர்கிறது. எல்லாம் முடியும்போது மேற்பகுதி ஒவ்வொன்றும் சுமார் 60 பாகை மேலே தூக்கி, 90 பாகை அளவுக்கு முறுக்கித் திரும்பியிருக்கிறது. புரத உலகில் இது பிரம்மாண்டமான அசைவு. கை கழுவும்போது உள்ளங்கையைத் திருப்பிப் புறங்கையைக் காட்டுகிறோமே, அதைப் போல ஏழு கைகள் ஒரே சமயத்தில் திரும்புகின்றன.

இந்தத் திருப்பத்தால் மூன்று காரியங்கள் ஒருசேர நடக்கின்றன. முதலாவது, அறை பெரிதாகிறது: ஏறத்தாழ 85,000 கன ஆங்ஸ்ட்ராமாக இருந்தது 1,75,000 ஆகிறது, அதாவது இரண்டு மடங்கு. அடுத்தது மூடியின் தந்திரம். மூடியிலிருந்து தொங்கும் ஏழு நாக்குகளின் நுனியில் ஐசோலியூசின், வேலின், லியூசின் என மூன்று எண்ணெய்த்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அவை போய் உட்காரும் இடம் எது தெரியுமா? அவிழ்ந்த புரதம் ஒட்டிக்கொண்டிருந்த அதே இடம். வாடகைக்கு இருப்பவரைப் புதிதாக வந்தவர் தள்ளிவிடுவது போல, மூடி புரதத்தை அந்த இடத்திலிருந்து இடித்து அறைக்குள் தள்ளுகிறது. கதவு மூடுவதும் பிடி விடுவதும் ஒரே செயலாக நடப்பதால், புரதம் வெளியே நழுவுவதற்கு வழி குறைவு. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: சுவரின் குணமே மாறிவிடுகிறது. எண்ணெய்ப்பரப்பு திரும்பி மூடியோடும் பக்கத்துத் துண்டுகளோடும் ஒட்டி மறைகிறது. அறையை நோக்கி இப்போது நிற்பவை மின்னூட்டம் உள்ள, தண்ணீரை விரும்பும் அமினோ அமிலங்கள். அறைச் சுவரின் நிகர மின்னூட்டம் எதிர்மறை 42. ஒட்டுவதற்கு இடமே இல்லாத அறையில் தனியாக விடப்பட்ட சங்கிலிக்குத் தன் எண்ணெய்ப்பகுதிகளைத் தனக்குள்ளேயே மறைத்துக்கொள்வதைத் தவிர வேறு போக்கு இல்லை. சங்கிலி மடிகிறது என்றால் அதைத்தான் சொல்கிறோம்.

நேரக் கணக்கை வைத்திருப்பது ஏடிபி. அறைக்கு அடியிலுள்ள ஏழு ஏடிபிகளும் உடைந்து, மூன்று பாஸ்பேட்டில் ஒன்றை இழந்து இருபாஸ்பேட் நிலைக்கு வரச் சில விநாடிகள் ஆகும். வெப்பநிலையைப் பொறுத்துப் பத்து விநாடி வரைகூடப் போகும். உடைந்ததும் மூடியின் பிடி தளர்கிறது, ஆனால் உடனே திறந்துவிடாது. அடுத்த பக்கத்து டம்ளரில் புதிய ஏடிபி வந்து அமர்ந்தால்தான் இந்தப் பக்கத்து மூடி தெறிக்கும். ஒரு வளையத்துக்குள் ஏழு பேரும் சேர்ந்தே அசைகிறார்கள்; இரண்டு வளையங்களுக்கு இடையிலோ எதிர்ப்பு. ஒன்று ஏடிபியைப் பிடித்தால் மற்றது பிடிப்பது கடினமாகிறது. இரட்டைச் சிலிண்டர் இயந்திரம் மாறி மாறி ஓடுவதற்கு இந்த முரண்தான் காரணம். இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் மூடி இருக்கும் நிலையும் உண்டு. அது எப்போது, எவ்வளவு முக்கியம் என்று ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டிருக்கிறார்கள்.

மூடி திறந்ததும் புரதம் வெளியேறுகிறது, மடிந்திருந்தாலும் சரி, மடியாவிட்டாலும் சரி. மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இது. 'வேலை முடிந்ததா' என்று குரோஈஎல் பார்ப்பதே இல்லை. மணி அடித்ததும் கதவு திறக்கிறது. மடிந்த புரதம் தன் வழியே போகிறது. மடியாததன் ஒட்டும் பகுதி இன்னும் வெளியே தெரிவதால் அது மறுபடி ஏதாவது ஒரு குரோஈஎல்லில் போய் மாட்டிக்கொள்கிறது. சில புரதங்களுக்கு ஒரு சுற்று போதும், சிலவற்றுக்குப் பல சுற்றுகள் வேண்டும். தரப் பரிசோதகர் என்று தனியாக ஒருவரும் இல்லாமலே இந்த வரிசை ஓடுகிறது.

அறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு சாரார், அது வெறும் தனியறை என்பார்கள்: பிற சங்கிலிகளிடமிருந்து பிரித்து வைத்தால் போதும், மீதியை வரிசை பார்த்துக்கொள்ளும். மூடி கழலாத ஒற்றை வளையத் திரிபு ஒன்றை ஹார்விச்சின் குழு உருவாக்கியது. அதற்குள் அடைபட்ட புரதம் வெளியே வராமலேயே மடிந்துகொண்டது இவர்களுக்குச் சாதகமான சான்று. இன்னொரு சாரார், அறையின் இறுக்கமும் சுவரின் மின்னூட்டமும் சங்கிலி பரந்து அலைவதைக் குறைத்து மடிப்பை விரைவாக்குகின்றன என்கிறார்கள். மூன்றாவது கருத்தை 1996-ல் மேத்யூ டாட், ஜார்ஜ் லோரிமர், தேவராஜன் திருமலை மூவரும் கணக்கோடு முன்வைத்தார்கள். தவறான பள்ளத்தில் தேங்கிய சங்கிலியை மீண்டும் மீண்டும் பிடித்துத் தளர்த்தி விடுவதே முக்கியம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கு சரியான வடிவத்தை அடையும், மீதி அடுத்த சுற்றுக்கு வரும். பல துண்டுகள் ஒரே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒன்றையொன்று விட்டு விலகினால் சங்கிலி இழுபட்டு அவிழும் என்பது இயல்பாகப் பின்தொடரும் எண்ணம்.

என் அபிப்பிராயம், இந்த மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் தேவையற்றது. சிறிய, எளிதில் மடியும் புரதத்துக்குத் தனியறையே போதும். சிக்கலான மடிப்புள்ளதற்கு மறுவாய்ப்பு வேண்டும். ஈ. கோலையில் சுமார் 250 வகைப் புரதங்கள் குரோஈஎல்லோடு தொடர்புகொள்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 85 வகைகளுக்கு அது இல்லாவிட்டால் வேறு வழியே இல்லை. எண்ணிக்கை சிறியதாகத் தோன்றலாம். அந்த 85-க்குள் உயிர்வாழ இன்றியமையாதவையும் இருப்பதால் குரோஈஎல் இல்லாத ஈ. கோலை எந்த வெப்பநிலையிலும் பிழைப்பதில்லை. அறைக்கு ஓர் எல்லையும் உண்டு: சுமார் 60 கிலோடால்டனுக்கு மேற்பட்ட புரதத்தை உள்ளே வைத்து மூடி போட முடியாது. நம் செல்களில் ஆக்டின், டியூபுலின் போன்றவற்றுக்கு இதன் உறவான டிரிக் என்ற சாப்பரோன் இருக்கிறது. அதில் எட்டு வெவ்வேறு வகைத் துண்டுகள். தனி மூடி கிடையாது, துண்டுகளின் நுனிகளே கேமராவின் கண் சுருங்குவது போல வாயை மூடிக்கொள்கின்றன.

குரோஈஎல் கண்ணைப் பறிக்கும் இயந்திரம்தான். ஆனால் எண்ணிக்கையிலும் பரவலிலும் உழைப்பாளி என்றால் எச்எஸ்பி70-ஐத்தான் சொல்ல வேண்டும். பெயரிலுள்ள எழுத்துகள் 'வெப்ப அதிர்ச்சிப் புரதம்' என்பதன் சுருக்கம். எண் அதன் எடை, கிலோடால்டனில். 1962-ல் இத்தாலியில் ஃபெருச்சியோ ரிடோசா, பழ ஈக்கள் இருந்த பெட்டியின் சூடு தற்செயலாக ஏறிப்போனதால் அவற்றின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களில் புதிய வீக்கங்கள் தோன்றியதைக் கண்டார். சூட்டில் புரதங்கள் அவிழத் தொடங்கினால் செல் அவசரமாக எழுப்பும் மரபணுக்கள் அவை. அந்த அவசரப் படையில் முன்னணியில் வருவது எச்எஸ்பி70.

இதற்கு அறை கிடையாது. ஒரு கை, அதன்மேல் ஒரு மூடி. கையில் ஒரு சிறு பள்ளம். நீட்டிய சங்கிலியின் ஐந்தாறு அமினோ அமிலங்கள் அதற்குள் அடங்கும். லியூசின் போன்ற எண்ணெய்த்தன்மையுள்ளவை நடுவிலும், நேர்மின்னூட்டம் உள்ளவை ஓரத்திலும் இருந்தால் அதற்கு விருப்பம். சராசரியாக 36 அமினோ அமிலங்களுக்கு ஒருமுறை இப்படிப்பட்ட இடம் வந்துவிடுவதால், ஏறக்குறைய எந்தப் புரதத்தையும் இது பிடிக்க முடியும். புரதத்தின் மற்றப் பாதி ஏடிபியைப் பிடிக்கும் பகுதி. இரண்டையும் ஒரு சிறு இணைப்புத் துண்டு கோக்கிறது.

ஏடிபி அமர்ந்திருக்கும்போது கைப்பகுதி ஏடிபிப் பகுதியின் மேல் சாய்ந்து ஒட்டிக்கொள்கிறது. மூடி கையைவிட்டு விலகி அகலத் திறந்து கிடக்கிறது. சங்கிலிகள் சட்டென்று வரும், சட்டென்று போகும். ஏடிபி உடைந்ததும் இரண்டு பகுதிகளும் பிரிகின்றன, மூடி கையின்மேல் கவிழ்கிறது, சங்கிலி மாட்டிக்கொள்கிறது. இனி அது நழுவுவது நூறு, ஆயிரம் மடங்கு மெதுவாகத்தான். எலிப்பொறியின் கதையேதான். திறந்திருக்கும் பொறி எலி நுழையச் சுலபம், மூடிய பொறியிலிருந்து வெளியேறுவது கடினம். ஒரே நிலையில் நிற்கும் கைக்கு இந்த இரண்டு குணமும் சேர்ந்து வாய்க்காது. விரைவாகப் பிடிக்கும் கை விரைவாக விடும், இறுக்கிப் பிடிக்கும் கை மெதுவாகத்தான் பிடிக்கும். ஏடிபியைச் செலவழித்து இரண்டு வடிவங்களுக்கு இடையே தாவுவதால், விரைவாகப் பிடித்து மெதுவாக விடும் சலுகையை எச்எஸ்பி70 விலைகொடுத்து வாங்கிக்கொள்கிறது. 'ஏன் வடிவம் மாற வேண்டும்' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது.

பொறி எப்போது மூட வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டும். தனியாக விட்டால் எச்எஸ்பி70 ஒரு ஏடிபியை உடைக்கப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். ஜே புரதம் என்ற உதவியாளர் சங்கிலியைக் கொண்டுவந்து சேர்க்கும் அதே கணத்தில், தன் சிறு நுனியால் ஏடிபிப் பகுதியைத் தட்டுகிறது. உடைப்பு ஆயிரம் மடங்குக்கு மேல் விரைவாகிறது. சங்கிலி கைக்குள் இருக்கும்போது மூட வேண்டும், வெறுங்கையோடு மூடி ஏடிபியை வீணாக்கக் கூடாது. இரண்டு சமிக்ஞையும் சேர்ந்தால்தான் உடைப்பு என்ற ஏற்பாடு அதைப் பார்த்துக்கொள்கிறது. மனிதரில் எச்எஸ்பி70 வகைகள் பதின்மூன்றுதான், ஜே புரதங்களோ நாற்பதுக்கும் மேல். எந்த இடத்தில் எந்தச் சங்கிலியைப் பிடிப்பது என்ற தனித்தன்மை பெரும்பாலும் ஜே புரதங்களிடமிருந்தே வருகிறது. பிறகு இன்னொரு உதவியாளர் ஏடிபிப் பகுதியின் வாயை அகட்டி, உடைந்த எச்சத்தை வெளியேற்றுகிறது. செல்லில் ஏடிபி தாராளமாக இருப்பதால் உடனே புதியது அமரும், மூடி திறக்கும், சங்கிலி விடுபடும். மடிந்தால் மடியட்டும், இல்லாவிட்டால் மறுபடி பிடி. குரோஈஎல்லில் பார்த்த அதே தர்க்கம், வேறு உடலில்.

எச்எஸ்பி90 பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு துண்டுகள் அடியில் சேர்ந்து, மேலே விரிந்த இடுக்கி போல நிற்கும். ஏடிபி அமர்ந்தால் மேல்நுனிகள் ஒன்றையொன்று பற்றி மூடும். ஒரு சுற்றுக்கு நிமிடக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி. இதனிடம் வருபவை ரைபோசோமிலிருந்து அப்போதுதான் இறங்கிய சங்கிலிகள் அல்ல. ஏறத்தாழ மடிந்து, கடைசி வடிவத்துக்கு வராமல் நிற்கும் ஸ்டீராய்டு ஏற்பிகளும், பிற புரதங்களில் பாஸ்பேட் சேர்க்கும் கைனேஸ் நொதிகளும்தான். சிடிகே4 என்ற கைனேஸ் எச்எஸ்பி90-க்குள் இருக்கும் நிலையை 2016-ல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்தபோது, அதன் இரண்டு பாதிகளும் பிரிக்கப்பட்டு, நடுவிலிருந்த இழை இடுக்கியின் இடைவெளி வழியாக நீட்டப்பட்டுக் கிடந்தது தெரிந்தது. மடிந்த பொருளைப் பாதி அவிழ்த்து வைத்திருக்கும் சாப்பரோன் இது. புற்றுநோய்ச் செல்கள் பல கைனேஸ்களுக்கு இதை நம்பியிருப்பதால், ஏடிபி அமரும் பள்ளத்தை அடைக்கும் ஜெல்டனமைசின் போன்ற பொருள்கள் மருந்தாய்வில் கவனம் பெற்றன. இடுக்கியை உடைக்க வேண்டியதில்லை, அசையவிடாமல் செய்தால் போதும்.

எல்லாச் சாப்பரோன்களும் இப்படி ஏடிபியை எரித்து வடிவம் மாறுகின்றனவா என்றால், இல்லை. விழிலென்சில் இருக்கும் ஆல்பா கிரிஸ்டலின் அதற்கு ஏடிபியே கேட்பதில்லை. சுமார் 20 கிலோடால்டன் துண்டுகள் முப்பது போலச் சேர்ந்து, இன்ன எண்ணிக்கை என்று உறுதியில்லாத உருண்டைகளாக இருக்கும். சேதமடைந்து அவிழும் புரதத்தைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும், கட்டி தட்டாமல் காக்கும். இது சாப்பரோன்தான் என்று 1992-ல் ஜோசப் ஹார்விட்ஸ் காட்டினார். ஆனால் பிடித்ததை விடுவதற்கு அதனிடம் பொறியும் இல்லை, எரிபொருளும் இல்லை. பிற திசுக்களில் இதன் உறவினர்கள் பிடித்து வைத்திருப்பதை எச்எஸ்பி70 வந்து வாங்கி மடித்துவிடும்.

லென்சின் நடுப்பகுதியில் அந்த வசதி கிடையாது. ஒளி தடையின்றிப் போவதற்காக அங்குள்ள நார்ச்செல்கள் உட்கருவையும் ரைபோசோம்களையும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழந்துவிடுகின்றன. புதிய புரதம் உருவாகாது, பழையது மாற்றப்படாது. நாம் பிறப்பதற்கு முன் அங்கே வைக்கப்பட்ட ஆல்பா கிரிஸ்டலினே கடைசிவரை கையிருப்பு. ஆண்டுதோறும் புற ஊதாக் கதிரும் வேதிமாற்றங்களும் சிதைக்கும் புரதங்களை அது ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே வரும், எதையும் விடாது. 40 வயதைத் தாண்டும்போது லென்சின் நடுவில் கரைந்த நிலையில் வெறுங்கையோடு இருக்கும் ஆல்பா கிரிஸ்டலின் கிட்டத்தட்டத் தீர்ந்துபோகிறது. அதற்குப் பிறகு அவிழும் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். பல ஆண்டுகள் கழித்துக் கண் மருத்துவர் விளக்கடித்துப் பார்க்கும்போது கண்புரையாகத் தெரியும்.